உயரத்தையும் சேர்த்துத் திருடுங்கள்

எதிரில் நிற்பவர் பட்டினியால் மெலிந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் ஒரு வழி இருந்தது. ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பார்கள். காட்டுமிராண்டித்தனமான முறை. நேரம் வீண். பதிவேட்டில் எழுத ஓர் எண்கூடக் கிடைக்காது. போதாக்குறைக்குச் சில சமயம் உண்மையான பதில் வந்து தொலைக்கும். வந்தால் சோறு போட வேண்டியிருக்கும்.

நாகரிக உலகம் இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டிவிட்டது. எடையைக் கிலோவில் எழுது. உயரத்தை மீட்டரில் எழுதி அதை அதாலேயே பெருக்கு. முன்னதைப் பின்னதால் வகு. வருகிற எண் 18.5க்குக் கீழே என்றால் நீங்கள் ஒல்லி, 18.5 என்றால் இல்லை. 170 செ.மீ. உயரமுள்ளவர் 53.4 கிலோ இருந்தால் ஊட்டம் போதாதவர். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறினால் தேறிவிடுவார். ஊட்டக்குறைவை ஒரு சொம்புத் தண்ணீரில் ஒழிக்க வழியிருக்கும்போது ஐந்தாண்டுத் திட்டங்களில் ஏன் அவ்வளவு பணத்தைக் கொட்டினோமோ தெரியவில்லை.

பி.எம்.ஐ. என்னும் இந்த மந்திரத்தை அருளியவர் ஒரு மருத்துவர் என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வானியலாளர். அடால்ஃப் கெட்லே. 1796இல் கென்ட் நகரில் பிறந்து பிரஸ்ஸல்ஸில் வானாய்வகம் நடத்தியவர். நட்சத்திரங்களை அளந்த கையோடு மனிதர்களையும் அளந்து சராசரி எடுத்தார். 1835இல் வந்த அவரது நூலில் ‘சராசரி மனிதன்’ என்றொரு ஆள் பிறந்தான். அவனுக்கு ஊர் இல்லை, அம்மா இல்லை, வயிறும் இல்லை. வளர்ந்தவர்களின் எடை அவர்கள் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று கெட்லே கவனித்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். எதிரில் நிற்கும் கந்தசாமி சீக்காளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அவர் இதைச் செய்யவில்லை. கூட்டத்துக்குப் போட்ட கணக்கைத் தூக்கிக் கந்தசாமி தலையில் வைத்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். நியாயம்தானே, நாம் எப்போது சாவோம் என்பதில் நம்மைவிட அக்கறை அவர்களுக்குத்தான். அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனம் 1940களில் ஓர் உயர எடை அட்டவணை வெளியிட்டது. 1959இல் இன்னொன்று வந்தது. பாலிசி வாங்க வசதியுள்ளவர்களின் அளவுகள் அவை. சட்டையும் பூட்ஸும் கழற்றாமல் எடுத்தவை. சிறிய உடல்வாகு, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்தி இருக்கும். யாருடைய உடல்வாகு எது என்று எப்படித் தீர்மானிப்பது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். பூட்ஸ் போட்ட அமெரிக்கப் பாலிசிதாரர் இப்படித்தான் பல காலம் மற்றவர்களுக்கு அளவுகோலாக நின்றார்.

அந்த அட்டவணைகளில் சலித்துப்போய், கெட்லேயின் கணக்கைத் தூசி தட்டி எடுத்து 1972இல் ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று நாமகரணம் செய்தவர் ஆன்செல் கீஸ். ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு. மருந்துக்கும் ஒரு பெண் கிடையாது. கீஸ் விஷயம் தெரியாதவராக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். பட்டினியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் காலத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது என்பதுதான் வயிற்றெரிச்சல். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில், ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து, உடம்பும் மனசும் என்ன ஆகின்றன என்று பக்கம் பக்கமாகக் குறித்தவர் அவர். இளைஞர்களின் எடையில் கால்வாசி போயிற்று. கூடவே இன்னொன்றும் நடந்தது. கணுக்கால் வீங்கியது, முகம் உப்பியது. தசை காலி செய்த வீட்டில் தண்ணீர் குடியேறியது. தராசுக்குத் தசையும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

1930களில் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் கை கால் உப்பிய குழந்தைகளைப் பார்த்தார். புஷ்டியான பிள்ளைகள் என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருக்கலாம். சத்தில்லாத சோற்றால் வருகிற நோய் அது என்று எழுதினார். குவாஷியோர்கர் என்று இன்று பாடப் புத்தகத்தில் இருப்பது அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் விதியும் தெளிவாக இருக்கிறது. குழந்தையின் இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்து. குழி விழுந்து அப்படியே நின்றால், தராசு என்ன சொன்னாலும் அது கடுமையான ஊட்டக்குறைவு. கட்டைவிரலுக்குச் செலவு கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், டெண்டர் விட முடியாது. அதற்கு மதிப்பில்லாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

18.5 என்ற எல்லைக்கல் 1988இல் ஜேம்ஸ், ஃபெரோ-லூசி, வாட்டர்லோ என்ற மூவர் நட்டது. அதற்குக் கீழே 17இலும் 16இலும் இன்னும் இரண்டு கல். மேல் பக்கத்து எல்லைக்கல்லோ அடிக்கடி நடமாடும். அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்ததை 1998இல் இரண்டு பேருக்கும் 25 ஆக்கினார்கள். நேற்று இரவு ஒழுங்காகப் படுத்த கோடிக்கணக்கானவர்கள் காலையில் பருமனானவர்களாக எழுந்தார்கள். ஆசியர்கள் 23லேயே கவலைப்பட ஆரம்பிக்கலாம் என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது.

அதே 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. அருகருகே இரண்டு மருத்துவர்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. ஒல்லியான கை காலுக்கு நடுவே சின்னத் தொப்பையைப் பதுக்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏன் சீக்கிரம் வருகிறது என்பதை யாஜ்னிக் விளக்கி வந்தார். தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு இருந்தாலும் வகுத்தல் கணக்கு ‘நார்மல்’ என்றுதான் சொல்லும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாட்டை நடத்துகிறவர்கள் காகிதம் பேனா எடுத்துக்கொள்ளவும். உபயோகமான யோசனை ஒன்று சொல்லப் போகிறேன்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 152 செ.மீ. உயரம், 37 கிலோ எடை. வகுத்தால் 16. கடுமையான மெலிவின் விளிம்பு. பதிவேட்டில் சிவப்பு மை, மேலிடத்திலிருந்து போன், மாவட்டக் கூட்டத்தில் திட்டு. அரசுக்கு அவமானம். இப்போது இதே பெண்ணை இப்படி முரட்டுத்தனமாகப் பட்டினி போடாமல், முறையாக, கருவிலிருந்தே தொடங்குங்கள். அவள் அம்மா உடம்பில் ரத்தம் ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆறாம் மாதம் முதல் கஞ்சித் தண்ணீர் மட்டும். வாசலில் திறந்த சாக்கடை, மாதம் ஒரு வயிற்றுப்போக்கு. இரண்டு வயதுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். தாமதித்தால் முழுப் பலன் கிடைக்காது. அவள் 140 செ.மீ.யோடு நின்றுவிடுவாள். எடை அதே 37. இப்போது வகுத்துப் பாருங்கள்.

18.9. நார்மல்.

எடையை மட்டும் திருடினால் மாட்டிக்கொள்வீர்கள். உயரத்தையும் சேர்த்துத் திருடினால் திருட்டே நடக்கவில்லை. மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் கூட்டாக ஒரே விகிதத்தில் குறைந்தால் விடை கெடாது என்பது பள்ளிக்கூடத்தில் பின்னங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஒருமுறை பட்டினி போட்டால் குற்றம், இரண்டு முறை போட்டால் ஆரோக்கியம்.

இது நையாண்டிக்காகச் செய்த கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 19.3 சதவீதம். தமிழ்நாட்டில் இவை 25, 14.6. முதல் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வரிசையில் இல்லை. குட்டையான பிள்ளை, குட்டைக்கு ஏற்ற எடை, பார்ப்பதற்கு லட்சணமாகவே இருக்கும். நாலு வயதுப் பிள்ளை இரண்டரை வயதுப் பிள்ளையின் உடம்பில் நின்றுகொண்டு கையசைக்கும். வயதைக் கேட்காத வரை யாருக்கும் சங்கடம் இல்லை.

யாராவது வயதைக் கேட்டுவிட்டால்? அதற்கும் பொருளாதார மேதைகள் வழி செய்திருக்கிறார்கள். பின்னாளில் நிதி ஆயோக்கின் முதல் துணைத்தலைவரான அர்விந்த் பனகாரியா 2013இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியக் குழந்தைகள் உடலமைப்பிலேயே குட்டை, உலக அளவுகோலை வைத்து அவர்களை அளப்பதால்தான் ஊட்டக்குறைவு பெரிதாகத் தெரிகிறது என்பது வாதம். பிரச்சினை தட்டில் இல்லை, தாத்தாவிடம் இருக்கிறது. கேட்க எவ்வளவு நிம்மதி! பட்ஜெட்டில் ஒரு பைசா ஒதுக்க வேண்டாம்.

அந்த உலக அளவுகோல் எங்கே எடுக்கப்பட்டது என்று பார்ப்போம். பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, ஆறாவதாக இந்தியா. இந்தியாவில் தெற்கு டெல்லி. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கிடைத்த வீட்டுக் குழந்தைகள். அவை நார்வேக் குழந்தைகளுக்கு ஈடாகவே வளர்ந்தன. 2006இல் அளவுகோல் வெளியானது. ஆக, தெற்கு டெல்லியில் ஒழுங்காக வேலை செய்கிற இந்திய மரபணு, யமுனையைத் தாண்டிக் குடிசைப் பகுதிக்குள் நுழைந்ததும் குட்டையாகிவிடுகிறது. வாடகை எவ்வளவு என்று விசாரித்துவிட்டுத்தான் மரபணு குடிவரும் போலிருக்கிறது.

உலகப் பசிக் குறியீட்டில் இந்தியாவுக்கு 2022இல் 121 நாடுகளில் 107ஆவது இடம், 2023இல் 125இல் 111. இரண்டு முறையும் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் கொதித்தது. அளவுமுறை தப்பு, குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் வைத்து நாட்டின் பசியைச் சொல்லலாமா, நாட்டின் பெயரைக் கெடுக்கும் முயற்சி என்றெல்லாம் அறிக்கை. அறிக்கையில் சொன்ன சில ஆட்சேபங்கள் முற்றிலும் சரி. உயரமும் எடையும் மட்டும் எல்லாவற்றையும் சொல்லாதுதான். இதைத்தானே நானும் கத்திக்கொண்டிருக்கிறேன்! ஆனால் ஒன்று. ஆள் எடுக்கும் மெடிக்கலிலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ, இன்சூரன்ஸ் விண்ணப்பத்திலோ ஒரு கந்தசாமி இதே ஆட்சேபத்தைச் சொன்னால் எந்த அமைச்சகமும் அவனுக்காக அறிக்கை விடுவதில்லை. ஏழையைத் தள்ளிவிட உதவுகிற வரை அந்த எண் விஞ்ஞானம். ஆட்சியைச் சுட்டிக்காட்டினால் அந்நியச் சதி.

சதி என்று சொல்லத் தோன்றாத காலத்தில் வேறு விளக்கங்கள் இருந்தன. 2012இல், குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடியிடம் ஓர் அமெரிக்க நாளிதழ் அவர் மாநிலத்தின் ஊட்டக்குறைவு பற்றிக் கேட்டது. குஜராத் சைவ மாநிலம், நடுத்தர வர்க்க மாநிலம், நடுத்தர வர்க்கத்துக்கு ஆரோக்கியத்தைவிட அழகில் அக்கறை அதிகம், பால் குடி என்று அம்மா சொன்னால் குண்டாகிவிடுவேன் என்று மகள் சண்டை போடுவாள் என்கிற ரீதியில் பதில் வந்தது. வயல்காட்டில் குனிந்து நிமிரும் ஆதிவாசிப் பெண்ணின் இடுப்பு ஒடுங்கியிருப்பது ஃபேஷன் என்று நமக்குத்தான் புரியாமல் போயிற்று.

இலங்கை மலையகத்துக்குப் போனால் தராசு இன்னும் நேர்மையாக நடந்துகொள்ளும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசைச் சொல்கிறேன். நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் ஒன்று குறைந்தால் சம்பளத்தில் கை வைக்கும் நுட்பமான கருவி அது. அந்தக் கூடையைச் சுமந்தவளின் பிள்ளையை நிறுக்கும் தராசுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. 2016ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டங்களில் மூன்றில் ஒன்றை நெருங்கியது. ஒரே தீவு, ஒரே ஆண்டு. அங்கேயும் மரபணு லயத்துக் கூரையின் ஓட்டையைப் பார்த்துத்தான் குட்டையாகிறதா என்று பனகாரியாவைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீடுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு பக்கம் குண்டு கல்யாணம், இன்னொரு பக்கம் ஓமக்குச்சி நரசிம்மன் என்று உடம்பையே பெயராக ஒட்டிச் சிரித்த சினிமா நம்முடையது. பரம்பரை ஒல்லிகள் உண்டு. நன்றாகச் சாப்பிடுவார்கள், நன்றாகத் தூங்குவார்கள், பி.எம்.ஐ. 17ஐத் தாண்டாது, ஒரு நோயும் இருக்காது. அவர்களைக் கல்யாண வீட்டில் மடக்கி, ‘என்னடி இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டே, மாமியார் சோறு போடலையா?’ என்று கேட்காமல் எந்தச் சித்தியும் பந்தியில் உட்காரமாட்டார். பக்கத்திலேயே மூன்று மாதத்தில் 90 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு இறங்கிய சித்தப்பா நிற்பார். அவருக்குப் பாராட்டு. ‘நல்லா ஸ்லிம் ஆயிட்டீங்க!’ எண் இப்போதுதான் நார்மலுக்கு வந்திருக்கிறது அல்லவா? காரணமில்லாமல் எடை சரிவது சர்க்கரையாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம். எங்கிருந்து எங்கே, எவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று கேட்கிற வசதி அந்த வகுத்தலில் கிடையாது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் விளக்குகள் மின்னி அட்டை துப்பிய எடை மெஷின் மாதிரிதான் இதுவும். அந்த மெஷினாவது ஜோசியத்தை எடையோடு கலக்காமல் தனியாக அச்சடித்துக் கொடுத்தது. போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போதுகூட உயரத்தோடு நிறுத்தாமல் நெஞ்சை விரிக்கச் சொல்லி ஒரு நாடா வைக்கிறார்கள்.

சாப்பாட்டைக் கண்டாலே பயந்து உடம்பை வதைத்துக்கொள்ளும் மனநோய் உள்ளவர்களின் கதை இதைவிடக் குரூரம். மெலிந்து நூலாகும்வரை அது பலர் கண்ணில் நோயாகவே படாமல் இருந்தது. எல்லா அறிகுறியும் இருந்தும் எடை மட்டும் நார்மலுக்குக் கீழே போகாத நோயாளிகளை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் தனியாகக் குறித்தது. சிகிச்சை தருவதா இல்லையா என்பதை பி.எம்.ஐ. போன்ற ஒற்றை அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் எழுதிவைத்தது. அதற்கு அடுத்த வருடமே அங்கே ஹோப் விர்கோ என்ற இளம்பெண் ‘தராசைத் தூக்கி எறியுங்கள்’ என்று இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. உதவி கேட்டுப் போனவளிடம் நீ போதுமான அளவு ஒல்லி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். சாகிற அளவுக்கு மெலிந்துவிட்டு வரிசையில் வந்து நில் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் கூட இருந்து செய்தது. காசநோய் உறுதியான ஆளை அரசு ஆஸ்பத்திரியில் நர்சோ களப்பணியாளரோ என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு பட்டியல். பி.எம்.ஐ. 14ஐத் தாண்டவில்லையா? 16 வரை இருந்தாலும் காலில் வீக்கம் இருக்கிறதா? நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் வாங்குகிறாரா? ஆக்சிஜன் 94க்குக் கீழே போகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் வீட்டுக்கு அனுப்பாதே, படுக்கை கொடுக்கப் பார். நிற்கவே முடியாதவனை எப்படி ஸ்கேலில் சாத்தி உயரம் அளப்பாய் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். காலைத் தொட்டுப் பார் என்று எழுதியிருக்கிறார்.

ஜார்கண்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காசநோயாளியின் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் லான்செட் குழும இதழ்களில் முடிவுகள் வந்தன. தடுப்பூசி மாதிரி வேலை செய்தது துவரம்பருப்பு. துவரம்பருப்புக்குக் காப்புரிமை வாங்க முடியாதது மருந்து கம்பெனிகளின் துரதிர்ஷ்டம்.

உயரமும் எடையும் பார்க்காததை ரத்தம் பார்க்கும். அந்த ஐந்தாவது கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 18.7 சதவீதம் பேர்தான் பி.எம்.ஐ. படி ஒல்லி. ரத்தசோகை 57 சதவீதம் பேருக்கு. தமிழ்நாட்டில் ஒல்லி இன்னும் குறைவு, 12.6, அதை விளம்பரத்தில் போடலாம். எடை அதிகமானவர்கள் 40.4, ரத்தசோகை 53.4 என்ற அடுத்த இரண்டு வரியைப் போட எந்தக் கழக ஆட்சியின் விளம்பரத்திலும் இடம் இருக்காது. இரண்டு வரியும் ஒரே ஆள்மேல் விழுவதுண்டு. குண்டாக இருப்பவளே ரத்தமில்லாதவளாகவும் இருக்கிறாள். ரேஷன் அரிசியில் உடம்பு வைக்கும், ரத்தம் வைக்காது. அவளை நிறுத்தி நிறுத்தால் ‘கொஞ்சம் குறைங்கம்மா’ என்பார்கள். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் எடைதான் காரணம் என்பார்கள்.

இந்த 57 கொடுத்த உறுத்தலுக்கும் தீர்வு கண்டாகிவிட்டது. ஆறாவது சுற்றுக் கணக்கெடுப்பிலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டார்கள். விரலில் குத்தி எடுக்கிற ரத்தம் ரத்தசோகையை மிகைப்படுத்திக் காட்டுகிறதாம். ரத்தக்குழாயில் எடுத்துத் தனியாக வேறொரு ஆய்வு செய்வார்களாம். அறிவியல்படி அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. இதே நுணுக்கம் கந்தசாமியின் பி.எம்.ஐ. விஷயத்தில் வராமல், அரசின் மதிப்பெண் குறையும்போது மட்டும் வருகிறதே, அந்த நேரம் பார்க்கும் சாமர்த்தியத்தைத்தான் வியக்கிறேன்.

தராசையும் ஸ்கேலையும் ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைக்கு நேற்று என்ன கொடுத்தாய் என்று தாய்மார்களிடம் கேட்ட கேள்வியும் ஐந்தாவது கணக்கெடுப்பில் உண்டு. ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையான பிள்ளைகளில் போதுமான சாப்பாடு கிடைத்தது 100க்கு 11 பேருக்கு. 2024இல் ஓர் ஆய்வுக்குழு, கணக்கெடுப்பின் பதில்களை வைத்து இன்னொன்றைக் கண்டது. முந்தின நாள் முழுக்கத் தாய்ப்பாலைத் தவிரப் பாலோ சோறோ எதுவும் வாயில் படாத பிள்ளைகள் இந்தியாவில் 67 லட்சம். அமைச்சகம் சீறியது. பொய்ச்செய்தி, விஷமம் என்றது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடித்திருக்கிறார்கள், அதை எப்படிப் பட்டினி என்று சொல்லலாம் என்று கேட்டது. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது என்று அங்கன்வாடிச் சுவர்களில் படம் போட்டு எழுதச் சொன்னதும் இந்த அமைச்சகம்தான். ஆக, ஒரு வல்லரசின் உணவு இலாகா அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் மார்பில் இயங்கிக்கொண்டிருக்கிறது. இலாகாவுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்ற கேள்விக்கு மறுப்பறிக்கையில் பதில் இல்லை.

2025 ஜூலை 1 முதல், அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலத்தை வாங்க அவள் கைபேசி முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. பதிவில் உள்ள படத்தோடு ஒத்துப்போனால்தான் மாவு. நெட்வொர்க் இல்லாத ஊரில் பணியாளர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் நடப்பார்; இவள் இடுப்பில் பிள்ளையோடு பின்னாலேயே நடப்பாள். ஒருவழியாக அரசாங்கம் அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறது. ஒட்டிப்போன கன்னத்தையோ வெளுத்த கண்ணையோ பார்ப்பதற்காக இல்லை. மாவைத் திருடிப் போக வேறு எவளாவது வந்திருக்கிறாளோ என்று பார்ப்பதற்காக.